பிறபொருளெதிரியின் கதை – 9: பிடியும் அலகும்

சென்ற வாரம் கார்ல் லான்ட்ஸ்டைனரை நியூயோர்க்கில், ரொக்பெல்லர் நிறுவனத்து ஆய்வுகூடத்தில் விட்டுவிட்டு வந்தோம். இரத்த வகைகளைக் கண்டுபிடித்த அதே மனிதர்தான்.

சின்னஞ்சிறு மூலக்கூறு ஒன்றைத் தனியாக ஊசியில் ஏற்றினால் உடல் அதை ஏறெடுத்தும் பார்க்காது. அதையே பெரிய புரதம் ஒன்றோடு பிணைத்து ஏற்றினால், புரதத்துக்கு மட்டுமல்லாமல் ஒட்டிக்கொண்டு வந்த சிறியதற்கும் சேர்த்தே உடல் பிறபொருளெதிரி செய்துவிடும். அப்படி ஒட்டிக்கொண்டு வருவதற்கு 1921இல் அவர் ஹாப்டன் என்று பெயர் வைத்தார். மூலக்கூறின் ஒரு கிளை வளையத்தில் ஓரிடம் தள்ளி நின்றால்கூடப் பிறபொருளெதிரி அந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்ளும் என்பதையும் காட்டினார்.

இரசாயனக்காரர்களுக்கு அது விருந்து. வாட்டில் நோயாளியின் கட்டிலருகே நிற்கும் வைத்தியருக்கு அதனால் என்ன பயன் என்பதற்குப் பதில் வர நாற்பது வருடங்களுக்கு மேல் பிடித்தது. பதில் வந்த வழி கொஞ்சம் விசித்திரமானது. அதைப் புரிந்துகொள்ள நியூயோர்க்கை விட்டு முதலில் பல்லேபொலவுக்கு வர வேண்டும்.

*

வேலியோரத்து மரம்

மாத்தளை மாவட்டத்துக் கிராமங்களில், பல்லேபொலப் பக்கத்திலும்தான், மஞ்சள் அலரியைத் தெரியாதவர் இல்லை. ஒடுங்கி நீண்ட பளபளப்பான இலை, மஞ்சள் பூ, முழுப் பச்சையில் தொங்கும் காய். எங்கே கிள்ளினாலும் பால் வடியும். சிங்களத்தில் கனேரு. பூர்வீகம் தென் அமெரிக்கா என்றாலும் நம் கோயில் பூக்கூடைக்குள் எப்போதோ இடம்பிடித்துவிட்டது. ஆடு மாடு வாய் வைப்பதில்லை என்பதால் வேலிக்கு உகந்த மரம் என்று நட்டவர்களும் உண்டு.

ஆடு மாடு வாய் வைக்காததற்குக் காரணம் இருக்கிறது. வேர் முதல் விதை வரை இந்த மரத்தில் தெவெற்றின் முதலான இதய நஞ்சுகள் இருக்கின்றன. இதயத் தசைக் கலத்தின் சவ்வில் சோடியத்தை வெளியே தள்ளி, பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் பம்பி ஒன்று ஓயாமல் இயங்குகிறது. அலரியின் நஞ்சு போய்ப் பூட்டுவது அந்தப் பம்பியைத்தான். பொட்டாசியம் கலத்துக்கு வெளியே தேங்கும். துடிப்பு மந்தமாகும், தடுமாறும், மேலறைக்கும் கீழறைக்கும் உள்ள தொடர்பு அறுந்துபோகும்.

1980களின் தொடக்கம் வரை இலங்கையில் அலரி நஞ்சால் உயிரை மாய்க்க முயல்வது ஒரு பெரிய பிரச்சினையாக இருக்கவில்லை. பிறகு யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரிக்கு வரும் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. சட்ட மருத்துவப் பேராசிரியர் சரவணபவானந்தனும் கணேசமூர்த்தியும் 170 பேரின் விவரங்களைத் திரட்டி 1988இல் வெளியிட்டார்கள். உலக மருத்துவ ஏடுகளில் இந்த மரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்றும் தொட்டுக்காட்டும் கட்டுரை அது.

1990களின் நடுவில் அலை அநுராதபுரத்துக்கு வந்துவிட்டது. அங்குள்ள பொது வைத்தியசாலையில் 11 மாதங்களில் 415 பேர் அனுமதிக்கப்பட்டார்கள். பத்துக்கு நான்கு பேரைக் கொழும்புக்கு அனுப்ப வேண்டியிருந்தது. பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் 21 வயதைத் தாண்டாதவர்கள்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் வைத்தியர்கள் பேசிப் பார்த்தபோது தெரிந்தது, பலருக்குச் சாகும் எண்ணமே உறுதியாக இருந்ததில்லை என்பதுதான். வீட்டில் ஒரு சண்டை, ஒரு பேச்சு, அந்த நேரத்துக் கோபம். அடுத்த நாள் அந்தக் கோபம் இருந்திருக்காது. இன்று இப்படியான நேரத்தில் கூப்பிட்டுப் பேச 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் இருக்கிறது. அன்று இருந்தது வாட்டும் ஈ.சி.ஜி. இயந்திரமும்தான்.

கண்ணெதிரே ஓர் இளம் இதயம் தடுமாறுவதைத் தாளில் கோடாகப் பார்க்கலாம். நிறுத்த மருந்து கிடையாது. அற்றோபீன் கொடுக்கலாம். தற்காலிக பேஸ்மேக்கர் வைக்கலாம், ஆனால் அது கொழும்பில்தான். நோயாளியை அம்புலன்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டு, வழியில் ஒன்றும் ஆகாமல் இருக்க வேண்டும் என்று காத்திருக்கலாம்.

மருந்து உலகில் இருந்தது. ஆனால் அது அலரிக்காகச் செய்யப்பட்டதல்ல.

*

1967: ஒரு முனையைத் தேர்ந்தெடுத்தல்

நியூயோர்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வின்சென்ற் பட்லர், சென் என்ற இருவர் முன்னால் இருந்தது டிஜொக்ஸின்.

டிஜொக்ஸினுக்கு நீண்ட பரம்பரை. 1785இல் பர்மிங்ஹாம் வைத்தியர் வில்லியம் விதரிங், நரிவிரல் செடியின் இலையை நீர்கோர்த்த நோயாளிகளுக்குக் கொடுத்துக் கண்ட பலனைப் புத்தகமாக எழுதினார். 1930இல் சிட்னி ஸ்மித் அதே குடும்பத்துச் செடியொன்றிலிருந்து டிஜொக்ஸினைத் தனியே பிரித்தெடுத்தார். பலவீனமான இதயத்துக்கு அது மருந்து. கொஞ்சம் கூடினால் அதுவே நஞ்சு. அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு என்று இரத்தத்தைப் பார்த்துச் சொல்ல யாருக்கும் வழி தெரியவில்லை. மில்லிலீற்றருக்கு ஒன்றிரண்டு நனோகிராம் என்ற கணக்கில் கரைந்திருப்பதை எதைக்கொண்டு அளப்பது?

பிறபொருளெதிரியைக் கொண்டு அளக்கலாம். இன்சுலினை அப்படி அளந்து காட்டி, சொலமன் பேர்சனும் ரோசலின் யாலோவும் வழி திறந்திருந்தார்கள். ஆனால் இன்சுலின் ஒரு புரதம், உடல் அதைத் தானாகவே அடையாளம் காணும். டிஜொக்ஸினின் மூலக்கூற்று நிறை 781 மட்டுமே. பிறபொருளெதிரியின் நிறை ஏறக்குறைய 150,000. இத்தனை சிறியதை முயலின் உடல் கவனிக்கவே கவனிக்காது. லான்ட்ஸ்டைனரின் பாதையில் போய் ஒரு புரதத்தோடு பிணைத்தாக வேண்டும்.

எந்த முனையில் பிணைப்பது? இந்த வாரக் கதை முழுவதும் தொங்குவது இந்தக் கேள்வியில்தான்.

டிஜொக்ஸின் மூலக்கூறுக்கு நடுவில் நான்கு வளையங்கள் கொண்ட ஸ்டீரொயிட் உடல். ஒரு நுனியில் லக்டோன் என்ற சிறு வளையம். மறு நுனியில் வரிசையாக மூன்று சீனி. இதயப் பம்பியைப் பூட்டும் வேலை ஸ்டீரொயிட் உடலுடையதும் லக்டோனுடையதும். பட்லரும் சென்னும் சீனிப் பக்கத்தைத் தேர்ந்தார்கள். பெரயோடேற்று என்ற உப்பைச் சேர்த்தால் கடைசிச் சீனியின் வளையம் வெடித்துத் திறக்கும். திறந்த வாய் அல்புமின் புரதத்தின் அமினோக் கூட்டத்தைப் பற்றிக்கொள்ளும். இரசாயனத்தில் அதுவே கைக்கு எட்டிய வழி. அதனால் எடுத்தார்கள்.

கத்தியின் பிடியை மண்ணில் புதைத்தால் வெளியே நீட்டிக்கொண்டிருப்பது அலகு. முயலின் நோயெதிர்ப்புக் கலங்களும் அலகைத்தான் கண்டன. அவை செய்த பிறபொருளெதிரி, நஞ்சின் வேலை செய்யும் பாகத்தையே பற்றக் கற்றுக்கொண்டது. பிடி எப்படியிருக்கிறது என்பது அதற்குப் பெரிதாகத் தெரியாது.

இப்படி ஒரு பிறபொருளெதிரி டிஜொக்ஸினை எப்படிப் பிடிக்கிறது என்பது 1993இல் பளிங்குப் படமாகவே தெரிய வந்தது. 26-10 என்று இலக்கமிடப்பட்ட சுண்டெலிப் பிறபொருளெதிரி அது. அதன் நுனியில் ஆழமான ஒடுங்கிய பள்ளம். டிஜொக்ஸின் தலைகீழாக உள்ளே இறங்கியிருந்தது. லக்டோன் வளையம் பள்ளத்தின் அடியில், சீனிகள் வெளிவாய்ப் பக்கம். மின்னேற்றக் கவர்ச்சி இல்லை, ஐதரசன் பிணைப்பும் இல்லை. பள்ளத்தின் சுவர்கள் மூலக்கூறின் வளைவுநெளிவுக்கு இடைவெளியே இல்லாமல் பொருந்தி நின்றன. அந்தப் பொருத்தமே பிடிமானம்.

*

பொஸ்ரனில் கரித்தூள்

அடுத்த காட்சி பொஸ்ரன், மசச்சூசெற்ஸ் பொது வைத்தியசாலை. தோமஸ் ஸ்மித், எட்கர் ஹேபர் இருவரோடும் பட்லர் சேர்ந்தார். 1969இல் வந்தது அவர்களது கட்டுரை.

அளக்கும் முறை இதுதான். சிறு மூலக்கூறு என்பதால் இரண்டு பிறபொருளெதிரிகள் ஒரே நேரத்தில் அதை இரு பக்கமும் பிடிக்க இடமில்லை. எனவே போட்டி வைத்தார்கள். ஒரு குழாயில் பிறபொருளெதிரி கொஞ்சம், கதிர்வீச்சு அடையாளமிட்ட டிஜொக்ஸின் கொஞ்சம், நோயாளியின் இரத்தத்தெளியம் கொஞ்சம். இரத்தத்தில் மருந்து கூடுதலாக இருந்தால் அது பிறபொருளெதிரியின் இடங்களைப் பிடித்துக்கொள்ளும். அடையாளமிட்டது இடம் கிடைக்காமல் வெளியே நிற்கும். வெளியே நிற்பதை எப்படி அகற்றுவது? டெக்ஸ்ரன் பூசிய கரித்தூளைப் போட்டார்கள். தனியே அலையும் சிறு மூலக்கூறுகளைக் கரி தன்னுள் இழுத்துக்கொண்டது. பெரிய பிறபொருளெதிரியோடு ஒட்டியிருந்தவை அப்படியே நின்றன. கரியைச் சுழற்றி அடியில் தள்ளிவிட்டு மிச்சத்தின் கதிர்வீச்சை எண்ணினால் கணக்குத் தெரிந்துவிடும்.

கரியை நினைவில் வைத்திருங்கள். கடைசியில் தேவைப்படும்.

நஞ்சேறிய நோயாளிகளின் சராசரி 3.3 நனோகிராம் என்று வந்தது. சரியான அளவில் மருந்தெடுத்தவர்களில் அது ஒன்றரைக்குக் கீழ். இதய வைத்தியர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்த காலம் அத்தோடு முடிந்தது.

பிறகு ஹேபரும் ஸ்மித்தும் கேட்ட கேள்வி இன்னும் துணிச்சலானது. குழாய்க்குள் இத்தனை இறுக்கமாகப் பிடிப்பதை மனிதருக்குள் ஏற்றினால் என்ன?

முழுப் பிறபொருளெதிரியை ஏற்றுவதில் சிக்கல் இருந்தது. மிருகத்துப் புரதத்தை மனித உடல் எதிர்க்கும். அத்தோடு அது பெரியது, சிறுநீரில் வெளியேறாது. இங்கே உதவிக்கு வந்தது ரொட்னி போட்டர் 1959இல் செய்திருந்த வேலை. பப்பேன் என்ற நொதியத்தால் அவர் பிறபொருளெதிரியை வெட்டினார். பிடிக்கும் நுனிகள் இரண்டும் தனித்தனித் துண்டாக வந்தன. அவற்றுக்கு ஃபாப் என்று பெயர். ஒவ்வொன்றும் மூன்றில் ஒரு பங்கு எடை, பிடிக்கும் திறனில் குறைவில்லை. பப்பேன் வேறொன்றுமில்லை, நம் வீட்டுப் பின்வளவில் பப்பாசிக் காயைக் கீறினால் வடியுமே, அந்தப் பாலில் இருப்பதுதான். இலங்கையிலிருந்து ஒருகாலத்தில் கப்பலேறிய சரக்கு.

1976. டிஜொக்ஸின் மாத்திரைகளை அளவுக்கு மீறி விழுங்கிய 39 வயது மனிதர். பேஸ்மேக்கரும் கைகொடுக்காத நிலை. செம்மறியாட்டில் வளர்த்த ஃபாப்பை ஏற்றினார்கள். துடிப்பு ஒழுங்குக்கு வந்தது, பொட்டாசியம் இறங்கியது, மனிதர் பிழைத்தார்.

அளவெடுப்பவர்களுக்கு அப்போது ஒரு வேடிக்கை காத்திருந்தது. மருந்து ஏற்றிய பிறகு இரத்தத்தில் டிஜொக்ஸின் அளவு குறையவில்லை. பல மடங்கு ஏறியது! நோயாளி தேறுகிறார், அறிக்கையோ அவர் சாகப்போகிறார் என்கிறது. காரணம் எளிது. இரத்தத்தில் உலாவும் ஃபாப், தனியே இருப்பதையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதனால் தசையில் ஒட்டியிருந்த நஞ்சும் மெல்லக் கழன்று இரத்தத்துக்கு வருகிறது, வந்ததும் அகப்படுகிறது. சோதனை எல்லாவற்றையும் சேர்த்து எண்ணிவிடுகிறது. அகப்பட்ட நஞ்சுக்குப் பம்பியைப் பூட்டும் சக்தி இல்லை. ஃபாப்போடு சேர்ந்து சிறுநீரில் போய்விடும்.

1986இல் அமெரிக்காவில் இந்த மருந்துக்கு அனுமதி கிடைத்தது.

*

குறை, வரமாதல்

ஆய்வுகூடக்காரருக்குப் பிடிக்காத சொல் ஒன்று உண்டென்றால் அது குறுக்குவினை. டிஜொக்ஸினை மட்டும் பிடிக்க வேண்டிய பிறபொருளெதிரி, அதன் உறவுக்காரரையும் பிடித்துவிட்டால் அறிக்கை பொய்யாகும். டிஜொக்ஸின் மாத்திரையைக் கண்ணாலும் கண்டிராத ஒருவரின் இரத்தம், அலரி நஞ்சு ஏறியிருந்தால் டிஜொக்ஸின் சோதனையில் "இருக்கிறது" என்று காட்டும். சரியான அளவையும் காட்டாது, ஏனென்றால் பிடி முழுமையில்லை. சோதனை செய்பவருக்கு இது தலையிடி.

அநுராதபுரத்தில் நின்றுகொண்டு பார்த்தால் அதுவே வேறு விதமாகத் தெரிந்தது. தெவெற்றினுக்கும் அதே ஸ்டீரொயிட் உடல், அதே லக்டோன் வளையம். சீனிகள்தான் வேறு. பிடி மாறியிருக்கிறது, அலகு ஏறக்குறைய ஒன்றே. 1967இல் முயலுக்குக் காட்டப்பட்டது அலகு. பட்லரும் சென்னும் மறு முனையில் பிணைத்திருந்தால், முயல் சீனிகளையே படித்திருக்கும். அந்தப் பிறபொருளெதிரி அலரி நஞ்சைத் திரும்பிப் பார்த்திருக்குமா என்பது சந்தேகம். யாழ்ப்பாணத்தையோ அநுராதபுரத்தையோ மனதில் வைத்து அவர்கள் அந்த முனையைத் தேர்ந்தெடுக்கவில்லை. கைக்கு எட்டிய இரசாயனம் அது, அவ்வளவுதான். விஞ்ஞான வரலாற்றில் இப்படியான இடங்களுக்கு "தொலைநோக்கு" என்று பட்டம் சூட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

குழாயில் பிடிக்கிறது என்பது ஒன்று. தடுமாறும் இதயத்தில் பிடிக்குமா என்பது வேறு. ஒட்டுறவு பலவீனம் என்பதால் டிஜொக்ஸினுக்குக் கொடுப்பதைவிடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். எவ்வளவு கூடுதலாக?

*

இரண்டு மணித்தியாலம்

கொழும்பு தேசிய வைத்தியசாலை, இருதயவியல் நிலையம். ஒக்ஸ்போர்ட்டிலிருந்து வந்த மைக்கல் எடில்ஸ்ரன், டேவிட் வொறல், இலங்கை வைத்தியர்கள் ராஜபக்ஷ, ராஜகாந்தன், ஜயலத், சாந்தராஜ், தேனபது, ஷெரிப் முதலானோர் கொண்ட குழு. முதலில் அளவு தேடும் ஆய்வு. 1200 மில்லிகிராம் என்று முடிவாயிற்று. 40 மில்லிகிராம் குப்பியாகப் பார்த்தால் ஒரு நோயாளிக்கு 30 குப்பி.

பிறகு உண்மையான சோதனை. அலரி நஞ்சால் துடிப்புக் குழம்பி வந்த 66 பேர். சீட்டுக் குலுக்கும் முறையில் 34 பேருக்கு ஃபாப், 32 பேருக்கு வெறும் சேலைன். எந்தப் போத்தலில் எது என்று நோயாளிக்குத் தெரியாது.

போத்தல் தொங்குகிறது. குழாயில் துளி துளியாக இறங்குவது இரண்டிலும் ஒரே நிறமற்ற நீர். ஈ.சி.ஜி. தாள் நகர்கிறது.

ஃபாப் ஏற்றத் தொடங்கும்போது அந்தத் தரப்பின் சராசரித் துடிப்பு நிமிடத்துக்கு 49. இரண்டு மணித்தியாலத்தில் அது 67ஐ எட்டியது. சேலைன் ஏறியவர்களில் 51ஐச் சுற்றியே நின்றது, அசையவில்லை. பொட்டாசியம் ஒரு பக்கம் 4.9இலிருந்து 4.1க்கு இறங்கியது. மறுபக்கம் அப்படி இறங்கவில்லை. ஃபாப் பெற்றவர்களில் 15 பேரின் இதயம் இரண்டே மணித்தியாலத்தில் இயல்பான தாளத்துக்குத் திரும்பியிருந்தது. சேலைன் பெற்றவர்களில் 2 பேர்.

15க்கு 2. 2000ஆம் ஆண்டு லான்செற் ஏட்டில் அந்த எண்கள் வெளியாயின. டிஜொக்ஸினுக்கென்று ஆட்டில் வளர்த்த பிறபொருளெதிரி, அலரிக்கும் மாற்று என்பது சீட்டுக் குலுக்கிச் சோதித்து நிலைநாட்டப்பட்டது இலங்கையில்தான்.

இந்த மருந்தின் இன்னொரு பெருமை பலருக்குத் தெரிவதில்லை. பேஸ்மேக்கர் வைக்க இதய வைத்தியர் வேண்டும், எக்ஸ்றே வேண்டும், பெருநகரம் வேண்டும். ஃபாப்புக்கு ஒரு நாளமும் ஒரு போத்தலும் ஈ.சி.ஜி. பார்க்கத் தெரிந்த ஒருவரும் போதும். பல்லேபொலவிலிருந்து மாத்தளைக்கு, மாத்தளையிலிருந்து கண்டிக்கு என்று நோயாளியை ஏற்றி இறக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு மணித்தியாலம் போகிறது என்றால், மருந்து முதல் ஆஸ்பத்திரியிலேயே இருப்பதன் பொருள் என்னவென்று சொல்லத் தேவையில்லை.

மருந்து அங்கே இருந்தால், அல்லவா?

*

விலைப்பட்டியல்

ஒரு நோயாளிக்கான முழு அளவின் விலை அப்போது ஏறத்தாழ 2,650 அமெரிக்க டொலராக இருந்தது.

அமெரிக்காவில் ஒப்பீட்டளவில் குறைவானவர்களுக்கே தேவைப்படும் மருந்து அது. சந்தை சிறியது, செம்மறி மந்தை வளர்க்க வேண்டும், இரத்தம் எடுத்துப் பிரித்து வெட்டித் தூய்மையாக்க வேண்டும். உற்பத்தியாளர் பக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் இந்த மருந்து ஆயிரக்கணக்கில் தேவைப்பட்ட நாடு, அந்த விலையைக் கொடுக்க முடியாத நாடு. விலையைக் குறைத்தால் விற்பனை பெருகும் என்ற சாதாரணக் கடைக்காரக் கணக்கு ஏன் இங்கே எடுபடவில்லை என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

சில காலம் இலங்கை வைத்தியசாலைகளில் மருந்து புழக்கத்தில் இருந்தது. 2002இல் இருப்புத் தீர்ந்தது. அலரியால் இறப்பவர்களின் வீதம் மறுபடி ஏறியது. அடுத்த வருடம் லான்செற்றில் எடில்ஸ்ரன் குழு எழுதிய கட்டுரையின் தலைப்பே குற்றப்பத்திரிகை மாதிரி இருந்தது: வாங்கக்கூடிய விலையில் மாற்று மருந்து இல்லாததால் நிகழ்ந்த மரணங்கள். விலை நூறு டொலர் அளவுக்கு இறங்கினால் மருந்து கொடுப்பதால் சுகாதாரத் துறைக்குச் செலவு மிச்சமாகும் என்றும் கணக்குக் காட்டினார்கள். விலை இறங்கவில்லை.

அதே 2003இல், அதே ஏட்டில், இலங்கையிலிருந்தே இன்னொரு கட்டுரையும் வந்தது. அசித த சில்வா, பொன்சேகா, பத்மேஸ்வரன் முதலானோர் எழுதியது. ஆடு வேண்டாம், முயல் வேண்டாம், பிறபொருளெதிரியே வேண்டாம். பொஸ்ரனில் 1969இல் குழாய்க்குள் டிஜொக்ஸினை இழுத்த அதே கரியின் இனம், செயலூட்டிய கரித்தூள். நீரில் கரைத்து நோயாளிக்குத் திரும்பத் திரும்பக் குடிக்கக் கொடுத்தார்கள். 401 பேரில் சோதித்தார்கள். ஒரு வேளைக் கரியோடு நிறுத்தப்பட்டவர்களில் நூற்றுக்கு 8 பேர் இறந்தார்கள். பல வேளை குடித்தவர்களில் 2.5 பேர்.

2,650 டொலர் மருந்து செய்யும் வேலையைச் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் கரி செய்துவிடுமா? அப்படியென்றால் எடில்ஸ்ரன் குழு மூன்று வைத்தியசாலைகளில் 4,632 பேரைச் சேர்த்து அதே கரியை மறுபடி சோதிக்கப் போனது எதற்காக?

(அடுத்த வாரம்)